பிளாட்பாரத்தில் 35 வருடம் விற்றவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேள்வியை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதுரைக்குத் தெற்கே உங்கள் ஊர் ஸ்டேஷனில் ஒரு பெரியவர் 35 வருடமாகத் தட்டில் முறுக்கும் பருப்பு வடையும் விற்றுவருகிறார். போன மாதத்திலிருந்து அவரைப் பிளாட்பாரத்தில் ஏற விடுவதில்லை. இரண்டு முறை பிடித்துப்போய் அபராதமும் கட்ட வைத்துவிட்டார்கள். இத்தனை வருடம் ஒரே இடத்தில் விற்றவருக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் கிடையாதா, தினமும் போய்வரும் பயணிகள் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சட்டத்தில் நேரடியாகவே பதில் இருக்கிறது, கொஞ்சம் கசப்பான பதில். இரண்டாவதற்குப் பதில் சொல்லும் முன், அவரை உள்ளே விட்டாலும் பழைய வியாபாரம் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கவலை பிளாட்பாரத்தைப் பற்றியது இல்லை, அவருடைய பிழைப்பைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் வணிகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சின்ன ஸ்டேஷன்களில் புக்கிங் கிளார்க்காகத் தொடங்கி, கடைசிப் பத்து வருடம் ஸ்டேஷன் கடைகளின் உரிமம், விலைப்பட்டியல், சுத்தம் இவற்றைச் சரிபார்க்கும் வேலை. உரிமம் இல்லாமல் விற்பவர்களைப் பற்றி அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான், மத்தியானம் அவர்களிடமே வடை வாங்கித் தின்றதும் நான்தான். வக்கீல் இல்லை. கோர்ட்டுக்குப் போகிற நிலை வந்தால் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவுதான் இங்கே எல்லாம். ரயில்வே நிர்வாகம் கொடுத்த உரிமம் இல்லாமல் ரயில் பெட்டியிலோ, ரயில்வேயின் எந்தப் பகுதியிலோ எந்தப் பொருளைக் கூவி விற்றாலும், விற்பனைக்கு வைத்தாலும் குற்றம். அந்தச் சட்டம் வகுத்த தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தனியாகக் காரணம் எழுதாமல் அபராதத்தை 1000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை இதற்காக யாரும் சிறைக்குப் போனதில்லை. ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்.பி.எஃப். பிடிக்கும், மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும், "ஆமாம், விற்றேன்" என்று ஒப்புக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுபடி வந்தால் மறுபடி பிடிப்பார்கள். வடை விற்கிறவருக்கு 1000 ரூபாய் என்பது நல்ல நாட்களில்கூட இரண்டு மூன்று நாள் மிச்சம்.

இந்தப் பிரிவில் "எத்தனை வருடமாக விற்கிறாய்" என்ற கேள்விக்கே இடம் இல்லை. ஊரில் 12 வருட அனுபவப் பாத்தியதை என்று ஒன்று பேசுவார்கள், அரசு நிலமாக இருந்தால் 30 வருடம் என்பார்கள். உங்கள் பெரியவர் அதையும் தாண்டிவிட்டாரே என்று உங்களுக்குத் தோன்றலாம். அது நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவருக்கான கணக்கு. தட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறவர் எந்த நிலத்தையும் பிடித்து வைத்திருக்கவில்லை. அப்புறம், "இத்தனை ஸ்டேஷன் மாஸ்டர்கள் விட்டார்களே" என்ற வாதம். விட்டார்கள், உண்மைதான். நானும் விட்டிருக்கிறேன். ஆனால் கண்டுகொள்ளாமல் இருப்பது அனுமதி ஆகாது. புது அதிகாரி ஒருவர் மாற்றலாகி வந்த அன்றைக்கு அந்த 35 வருடம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. இதில் நியாயம் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அதனால் மனு எழுதும் முன் அவர் வீட்டில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களின் காகிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலரிடம் அப்பா பெயரிலோ மாமா பெயரிலோ காலாவதியான பழைய உரிமம் இருக்கும். சிலரிடம் போட்டோ ஒட்டிய வெண்டர் அட்டை இருக்கும். அதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அது இன்னொரு உரிமதாரரின் ஆள் என்பதற்கான அட்டை. டெண்டர் எடுத்தவர் ஒருவர், அவருக்குக் கீழே கமிஷனுக்கு விற்பவர் இவர். டெண்டர் முடிந்த நாளோடு அட்டையும் செத்துவிடும். தான் இருபது வருடம் இன்னொருவருடைய ஆளாக இருந்தோம் என்பதே தெரியாமல், "எனக்கு ரயில்வே லைசென்ஸ் இருக்கு" என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த அட்டையைப் படித்துச் சொன்ன நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது வகை அபராத ரசீதுகள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன் பாருங்கள் என்று காட்டுவதற்காக வைத்திருக்கிறார்கள். கோர்ட்டில் அது இத்தனை முறை குற்றம் செய்திருக்கிறேன் என்பதற்கான சாட்சியாக மட்டுமே படிக்கப்படும்.

இனி வாசலுக்கு வெளியே. ஸ்டேஷன் வாசலைத் தாண்டி ஊர் ரோட்டில் கால் வைத்தவுடன் வேறு சட்டம் தொடங்குகிறது. தெருவில் விற்பது ஒரு தொழில், அதைச் செய்ய அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவில் உரிமை உண்டு, நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று சோடன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்புச் சொன்னது. குறிப்பிட்ட ஒரு இடம்தான் வேண்டும் என்று கேட்கும் உரிமை இல்லை என்பதையும் அதே தீர்ப்பில் சொன்னது. பிறகு 2014இல் தெருவோர வியாபாரிகளுக்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு நடக்க வேண்டும், கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, அப்புறப்படுத்துவதானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சான்றிதழ் வைத்திருப்பவர் இறந்துபோனாலோ, முடியாமல் படுத்துவிட்டாலோ, அந்தச் சான்றிதழ் காலம் முடியும்வரை மனைவியோ கணவனோ பிள்ளையோ தொடர்ந்து விற்கலாம். உங்கள் பெரியவரின் வயசுக்கு இது முக்கியம்.

இதைப் படித்ததும் பலர் துள்ளிக் குதித்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் 2014 சட்டத்தைக் காட்டுவார்கள். அதே சட்டத்தின் முதல் பிரிவிலேயே, நான்காவது உட்பிரிவில், ரயில்வேக்குச் சொந்தமான நிலம், கட்டடம், ரயில் இவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். ஆக ஒரே ஆள், ஒரே தட்டு, ஒரே முறுக்கு. வாசலுக்கு வெளியே சட்டப் பாதுகாப்புள்ள வியாபாரி, உள்ளே குற்றவாளி. உங்கள் கேள்விக்கு என் நேரான பதில் இதுதான்.

அந்த வாசல் எங்கே இருக்கிறது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. டிக்கெட் கொடுக்கும் கட்டடத்தின் படியோடு ரயில்வே முடிந்துவிடுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆட்டோ நிற்கும் இடம், சைக்கிள் ஸ்டாண்டு, வேப்பமரத்தடி எல்லாமே பெரும்பாலும் ரயில்வே நிலம்தான். எல்லையில் கல் நட்டிருப்பார்கள், அல்லது பழைய தண்டவாளத் துண்டைத் தூணாக ஊன்றியிருப்பார்கள். அந்தத் தூணுக்கு ஸ்டேஷன் பக்கம் நின்றால் 144ஆம் பிரிவு. ரோட்டுப் பக்கம் நின்றால் நகராட்சி அல்லது பேரூராட்சி. நாலு எட்டு தள்ளி நிற்காததால் பிடிபட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, 2014 சட்டம் நகர உள்ளாட்சிகளை மனத்தில் வைத்து எழுதியது. ஸ்டேஷன் ஊருக்கு வெளியே கிராம ஊராட்சி எல்லையில் இருந்தால் குழு, கணக்கெடுப்பு என்ற இந்த ஏற்பாடு அங்கே கிடைக்காது, ஊராட்சித் தலைவரின் தயவுதான். உங்கள் ஸ்டேஷன் எந்த எல்லையில் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, சட்டம் இவ்வளவு கறாராக இருக்கும்போது 35 வருடம் எப்படி விற்றார்? வண்டி நின்றதால் விற்றார். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஸ்டேஷன் வியாபாரம் முழுக்க வண்டி நிற்கும் நேரத்தில் முளைத்தது. நீராவி என்ஜின் காலத்தில் என்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும், அந்த நேரம் பயணிகள் சாப்பிடுவார்கள். அது போன பிறகு கிராசிங் வந்து காப்பாற்றியது. ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டிக்கு வழிவிட ஒரு வண்டி லூப் லைன் என்கிற பக்கத் தடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். டைம்டேபிளில் இரண்டு நிமிடம் என்று போட்டிருக்கும், நிஜத்தில் பத்தும் ஆகும் பதினைந்தும் ஆகும். நான் புக்கிங்கில் இருந்த ஒரு ஸ்டேஷனில் ஒரு அண்ணாச்சி சாயங்காலம் கௌண்டருக்கு வந்து எட்டிப் பார்ப்பார். வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கவே மாட்டார். "இன்னைக்கு யாரு சார் ஒதுங்குதா?" என்பார். பாசஞ்சர் ஒதுங்கினால் நம் ஊரில் பத்து நிமிடம் நிற்கும், மாவை முழுக்கப் பிசைவார். எக்ஸ்பிரஸ் ஒதுங்கினால் பாதி. அடுத்த ஸ்டேஷனில் கிராசிங் என்றால் எண்ணெய்ச் சட்டியையே வைக்க மாட்டார். எந்த வண்டி எங்கே ஒதுங்குவது என்று கன்ட்ரோல் ஆபீஸில் போடுகிற கணக்கை அவர் அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

நம் தெற்குப் பாதையில் எந்த ஊர் எந்தப் பண்டத்துக்குப் பேர்போனது என்று பாருங்கள். சாத்தூரில் வெள்ளரிக்காயும் காராச்சேவும், கோவில்பட்டியில் கடலைமிட்டாய், கடம்பூரில் போளி. வடக்கே திருச்சி - திண்டுக்கல் பாதையில் மணப்பாறை முறுக்கு. கர்நாடகத்தில் பெங்களூர் - மைசூர் பாதையில் மத்தூர் வடை. எல்லாம் ஒரே ஜாதிப் பண்டம். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், கை கழுவத் தண்ணீர் வேண்டாம். ஜன்னல் கம்பி வழியாக நீட்டலாம், ஒரு கையால் தின்னலாம், மீந்தது மறுநாள் கெடாது. வெள்ளரிக்காயும் போளியும் மறுநாள் விஷயத்தில் மட்டும் விலக்கு. இட்லி விற்கப் பார்த்தவர்களும் உண்டு. சட்னி ஊற்றிக் கொடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். ஸ்டேஷன் பண்டம் ருசியை மட்டும் வைத்து ஜெயித்ததில்லை, வண்டியின் அவசரத்துக்குப் பொருந்தியதும் சேர்ந்துதான் ஜெயித்தது.

மணப்பாறை முறுக்கை இரண்டு முறை பொரித்தெடுப்பார்கள். அரைவேக்காட்டில் எடுத்து ஆறவைத்து மறுபடி எண்ணெயில் போடுவது. முதல் பொரிப்பில் மேலே உள்ள ஈரம் போகும், ஆறும்போது நடுவில் உள்ள ஈரம் வெளிப்பக்கம் வரும், இரண்டாவது பொரிப்பில் அதுவும் போய்விடும். அதனால்தான் நாள்பட்டாலும் மொறுமொறுப்பு இருக்கிறது. இது நிச்சயமான காரணம், நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். அந்த ஊர்த் தண்ணீரின் உப்புதான் ருசிக்குக் காரணம் என்று விற்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். மாவில் தனியாக உப்புப் போடுகிறவர்களுக்குத் தண்ணீரின் உப்பு எவ்வளவு வித்தியாசம் காட்டிவிடும்? கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இலும் மணப்பாறை முறுக்குக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. இதைச் சொல்லக் காரணம், குறியீடு வந்துவிட்டதால் பிளாட்பாரத்தில் விற்கலாம் என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். அந்தக் குறியீடு பண்டத்தின் பெயரைக் காப்பாற்றும், விற்கிறவரைக் காப்பாற்றாது.

இப்போது அந்த நேரம் எங்கே போயிற்று என்று பாருங்கள். மதுரை - திருநெல்வேலி இரட்டைப் பாதை ஆகிவிட்டது, மின்சார என்ஜின் வந்துவிட்டது. எதிர்வண்டிக்காக ஒதுங்க வேண்டிய அவசியம் இல்லை. பயணிகளுக்கு நல்லது, நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் டைம்டேபிளில் எழுதிய இரண்டு நிமிடம் இப்போது நிஜமாகவே இரண்டு நிமிடம். ஏ.சி. பெட்டிகள் கூடிவிட்டன, அந்தக் கண்ணாடி திறக்காது. வந்தே பாரத் போன்ற வண்டிகளில் கதவே தானாக மூடிக்கொள்ளும், சாப்பாடு உள்ளேயே வரும். ஜன்னல் திறந்திருப்பது முன்பதிவில்லாத பெட்டிகளிலும் சாதாரண ஸ்லீப்பரிலும்தான். அதோடு 2020 மார்ச் 22 முதல் பயணிகள் ரயில் மொத்தமாக நின்றது. திரும்ப ஓட ஆரம்பித்தபோது பாசஞ்சர் வண்டிகளையும் எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் விட்டார்கள், 10 ரூபாய் டிக்கெட் 30 ரூபாய் ஆயிற்று. 2024இல்தான் பழையபடி குறைந்தது. இடையில் பக்கத்து ஊர்களுக்குப் போய்வந்த கூட்டத்தில் பாதி பஸ்ஸுக்குப் போய்விட்டது. வடை வாங்கிய கூட்டமும் அதுதான்.

ஜி.பே. பற்றியும் சொல்லிவிடுகிறேன். தட்டின் ஓரத்தில் கியூ.ஆர். அட்டை ஒட்டியிருப்பார்கள். ரோட்டுக் கடைக்கு அது வரம். பிளாட்பாரத்தில் பணம் வந்த சத்தம் கேட்பதற்குள் கடைசிப் பெட்டி போய்விடும். பழைய ஆட்கள் சில்லறையை விரலிடுக்கில் முன்கூட்டியே செருகி வைத்திருப்பார்கள், பத்துக்கு இது, ஐம்பதுக்கு இது என்று. மிச்சம் கொடுக்க வண்டியோடு ஓடிய ஆளையும் பார்த்திருக்கிறேன், காசு கொடுக்காமல் சிரித்துக்கொண்டே போன பயணியையும் பார்த்திருக்கிறேன்.

ரயில்வே பக்கம் இருக்கும் நியாயத்தையும் மறைக்கக் கூடாது. நகரும் வண்டியில் கடலை விற்க ஏறிய ஒரு பையன் கால் வழுக்கி வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையில் போனதை நான் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன். உயிர் பிழைத்தான், கால் போயிற்று. அதற்குப் பிறகு 144ஐ வெறும் கெடுபிடி என்று என்னால் சொல்ல முடியவில்லை. உணவு விஷயமும் அப்படித்தான். உரிமம் உள்ளவர் கெட்டதை விற்றால் பிடிக்க ஒரு பெயர், ஒரு முகவரி இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் போலார் பொருட்கள், அதாவது எண்ணெய் கெடக் கெட அதில் சேர்பவை, 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. தட்டில் விற்பவரிடம் அதை அளக்கும் கருவி எங்கே இருக்கப்போகிறது? எண்ணெய் கறுத்தாலோ, நுரை அடங்காமல் பொங்கினாலோ, சீக்கிரம் புகைந்தாலோ மாற்றிவிட வேண்டும். உங்கள் பெரியவரிடம் உரிமையாகச் சொல்ல முடிந்தால் இதைச் சொல்லுங்கள். வடையை நியூஸ்பேப்பரில் மடித்துக் கொடுக்க வேண்டாம், அச்சு மை ஒட்டும், வாழை இலையோ மந்தாரை இலையோ போதும் என்றும் சொல்லுங்கள்.

செய்யக்கூடியதற்கு வருகிறேன். முதலில் செய்யக் கூடாதது: அவரைப் பற்றி வீடியோ எடுத்துப் போடாதீர்கள். "35 வருடமாக இந்த ஸ்டேஷனில் வடை விற்கும் தாத்தா" என்று ஒருவர் பாசமாகப் போட்ட வீடியோ லட்சம் பேர் பார்வைக்குப் போய், உரிமம் இல்லாத விற்பனை நடக்கிறதே என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்து, மறுநாள் காலையில் ஆளைத் தூக்கிய கதை எனக்குத் தெரியும். அவருக்கு ஆதரவாக ரயில்வே உதவி எண் 139இல் புகார் கொடுத்தாலும் இதே கதிதான். அந்தப் புகாரை முடித்துவைக்கச் சட்டப்படி ஒரே வழி அவரை வெளியேற்றுவது.

உள்ளே போக முறையான கதவுகள் இரண்டு உண்டு. ஒன்று, ஸ்டேஷனில் டெண்டர் எடுத்த கடைக்காரரின் வெண்டராகச் சேர்வது. அட்டை கிடைக்கும், மருத்துவச் சான்று வாங்க வேண்டும், சீருடை போட வேண்டும். ஆனால் அவர் விற்கப்போவது உரிமதாரர் கொடுக்கும் பாக்கெட். தன் கையால் சுட்ட முறுக்கை விற்க முடியாது. 35 வருடம் தன் பண்டத்துக்கு ஆள் சேர்த்தவருக்கு இது எவ்வளவு தூரம் ஒத்துவரும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். டெண்டரை அவரே எடுக்கலாமே என்றால், சிறு கடைகளில் பெண்களுக்கு 33 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, வீட்டில் மருமகள் பெயரில் முயலலாம். ஆனால் வைப்புத்தொகையும் ஆண்டுக் கட்டணமும் இவர்கள் கைக்கு எட்டும் கணக்காக நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கதவு கொஞ்சம் நம்பிக்கை தருவது. 2022-23 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த "ஒரு நிலையம் ஒரு பொருள்" திட்டம். உள்ளூர்ப் பண்டத்தை, கைவினைப் பொருளை விற்க ஸ்டேஷனுக்குள் சின்ன ஸ்டால் தருவார்கள். கட்டணம் குறைவு. ஒருவருக்கே நிரந்தரமாகத் தராமல் குறிப்பிட்ட நாட்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். கைவினைஞர்கள், சுய உதவிக் குழுக்கள் விண்ணப்பிக்கலாம். அவர் வீட்டுப் பெண்கள் யாராவது மகளிர் குழுவில் இருந்தால் முறுக்கை அந்தக் குழுவின் பெயரில் கொண்டுபோவது நல்ல வழி. வடையை விட்டுவிடுங்கள், முறுக்குக்கு மட்டும் கேளுங்கள். பயணிகள் கையெழுத்துப் போட்ட மனு உதவக்கூடிய இடம் இதுதான். முதுநிலை கோட்ட வணிக மேலாளருக்கு எழுதுங்கள். "இவரை உள்ளே விடுங்கள்" என்று கேட்டால் அவரால் சட்டப்படி முடியாது. "எங்கள் ஸ்டேஷனில் இந்தத் திட்டத்தில் ஒரு ஸ்டால் வையுங்கள்" என்று கேட்டால் முடியும். கோட்ட ரயில் உபயோகிப்பாளர் ஆலோசனைக் குழுவில் உங்கள் பக்கத்து உறுப்பினர் யாராவது இருந்தால் அவர் மூலமும் பேசவையுங்கள்.

ஆனாலும் ஸ்டாலை நம்பி அவர் உட்கார்ந்திருக்கக் கூடாது. என் அபிப்பிராயம் கேட்டால், அந்த எல்லைத் தூணுக்கு வெளியே, இறங்கி வரும் கூட்டம் ரோட்டைத் தொடும் இடத்தில் அவர் நிற்பதுதான் சரி. வண்டியில் இருப்பவருக்கு விற்ற காலம் போய்விட்டது, வண்டியிலிருந்து இறங்குபவருக்கு விற்கலாம். அவர்களுக்கு அவசரம் குறைவு, சில்லறைக்கு ஓட வேண்டாம், ஜி.பே. சத்தம் வரும்வரை நிற்பார்கள், வடையைச் சூடாகவே கொடுக்கலாம். நகராட்சியானால் ஆணையருக்கும், பேரூராட்சியானால் செயல் அலுவலருக்கும் தெருவோர வியாபாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். சான்றிதழோ உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ கையில் வந்தால் தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் கடன் கேட்கலாம். 2020இல் தொடங்கியபோது முதல் தவணை 10,000 ரூபாய், 2025இல் அதை 15,000 ஆக்கினார்கள். ஒரு நல்ல தள்ளுவண்டிக்குப் பாதி காசாவது ஆகும். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் கையோடு செய்துவிடுங்கள். சின்ன வியாபாரிக்கு அது பெரிய செலவு இல்லை, ஆனால் எந்த அதிகாரி வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியாக, அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது நீங்களாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். "35 வருடமாகப் பிளாட்பாரத்தில் விற்றுவருகிறேன்" என்று எழுதாதீர்கள். உங்களுக்கு அது பெருமை, படிக்கிற அதிகாரிக்கு அது அவரே எழுதிக் கொடுத்த குற்ற ஒப்புதல். வண்டி இல்லாத நேரத்தில் ஸ்டேஷன் ரோட்டில் உட்கார்ந்து விற்றிருப்பார், இப்படி விற்பவர்கள் அநேகமாக எல்லோரும் அதையும் செய்வார்கள். எந்த வருடத்திலிருந்து, எந்தக் கடைக்கு எதிரே, யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அப்படி உட்கார்ந்தது உண்மையாக இருந்தால் அந்தக் கணக்கை மட்டும் எழுதுங்கள்.